உம் கொட்டாதவள்

எங்கள் லாரிப்பேட்டையில் குளிரைப் பற்றிப் பேசுவதற்கென்று ஒரு காலம் உண்டு, அது கத்திரி வெயில் காலம். தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுக்கிற அந்த நாட்களில், லோடு கிடைக்காத வண்டிகளெல்லாம் பாடி கட்டும் பட்டறைகளின் ஓரமாக வரிசைகட்டி நிற்க, டிரைவர்கள் நாச்சிமுத்துவின் டீக்கடைத் தகரக் கூரைக்கடியில் பனியனோடு உட்கார்ந்துகொண்டு, வடக்கே ஆப்பிள் ஏற்றப் போன மார்கழிகளையும் தைகளையும் ஒருவர் மாற்றி ஒருவர் எடுத்துவிடுவார்கள்: ஸ்டியரிங்கைத் தொட்ட விரலின் தோல் ஸ்டியரிங்கிலேயே தங்கிப்போன கதை, மீசை ஒடிந்து கையோடு வந்த கதை, டீசல் நெய்யாக உறைந்து, டேங்குக்கு அடியில் தீ மூட்டி, வெடித்தால் வெடிக்கட்டும் என்று பக்கத்திலேயே குந்தியிருந்த கதை.

சொல்கிறவன் ஒருவன் இருந்தால் 'உம்' கொட்டுகிறவன் ஒருவன் இருந்தாக வேண்டும். எங்களுக்கு அது விளையாட்டில்லை. மூன்று நாள் நிற்காமல் ஓடும் வண்டியில், ஓட்டுகிறவன் கண் சொருகிவிடாமல் இருக்க எதையாவது சொல்லிக்கொண்டே வருவான், பக்கத்தில் இருப்பவன் உம் கொட்டிக்கொண்டே வருவான், உம் நின்றால் பக்கத்து ஆள் தூங்கிவிட்டான் என்று பொருள், அவன் தூங்கினால் இவனும் தூங்குவான், ஆகவே உம் நின்ற இடத்தில் வண்டியை ஓரங்கட்டியே தீர வேண்டும் என்பது எந்தப் புத்தகத்திலும் எழுதாத, எந்த டிரைவரும் மீறாத சட்டம். பேட்டைக்கு வந்த பிறகு எல்லாருக்குமாகச் சேர்த்து உம் கொட்டுகிற வேலையை நாச்சிமுத்து எடுத்துக்கொண்டார். டீயை ஆற்றிக்கொண்டே, ஒரு முழ நீளத்துக்கு ஒரு 'உம்'.

அந்த வருடம் கத்திரி பிறந்த மூன்றாம் நாள் மத்தியானம், செங்கோடன் தன் கதையைச் சொன்னார். அறுபது வயதிலும் பெண்டாட்டியிடம் அடி வாங்குவதாகத் தானே ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிற மனிதர்.

"பனியில ஒண்ணுக்குப் போறதுக்கு எறங்குனேன் பாரு, போனது கீழ உழுவல."

"உம்."

"அப்படியே கம்பியாட்ட நின்னு போச்சு. ஒடிச்சுப் போட்டுட்டு வண்டியேறுனேன்."

"உம்."

"சிரிக்காதீங்கடா. அன்னிக்குத்தான் எனக்குச் சாவுன்னா என்னன்னு தெரிஞ்சுது. ரெண்டு காலும் எம்படது இல்ல. யாரோ எவனோ காலை என்ற இடுப்புல கட்டி உட்ட மாதிரி இருந்துச்சு. எம்புள்ள பேரு மறந்து போச்சு. பேரைத் தேடித் தேடி அழுதேன், கண்ணுத்தண்ணி கன்னத்துலயே நின்னுக்கிச்சு."

"உம்" என்றார் நாச்சிமுத்து, அந்த உம் புகையாக அவர் வாயிலிருந்து வெளியே வந்தது. ஆற்றிக்கொண்டிருந்த டீ இரண்டு குவளைக்கும் நடுவில், ஒரு முழ நீளத்துக்கு, பழுப்புக் கயிறாக உறைந்து நின்றது. தகரக் கூரைக்கு உள்பக்கமிருந்து வெள்ளை வெள்ளையாகத் தூசு இறங்கியது. அதை நக்கிப் பார்த்த ஒருவன், "பனிதான்" என்றான். நாச்சிமுத்து உறைந்த டீயைத் தட்டி உடைத்து, "இதுக்கும் காசு உண்டுங்க" என்றார். அவ்வளவுதான், அதற்கு மேல் யாரும் வியக்கவில்லை, ஏனென்றால் அந்த நிமிடத்தில் உடம்பு அவ்வளவு சுகமாக இருந்தது.

அதன்பிறகு பேட்டை அந்தக் குளிரை எப்படிப் புழங்கியது என்பதைத்தான் சொல்ல வேண்டும். கல்யாண மண்டபத்தில் பந்திக்கு இரண்டு டிரைவர்களை உட்கார வைத்துக் கதை சொல்லச் சொன்னார்கள். கறிக்கடைக்காரர் காலையில் ஒருவரைக் கூப்பிட்டு ஆட்டுத் தொடைகளுக்கு முன்னால் பேச வைத்தார். பிரசவமான பெண்கள் இருக்கும் வீட்டுக்குச் சின்னக் குளிராகப் பார்த்து, டெல்லிப் பக்கத்து மூடுபனி அளவுக்குச் சொல்கிற ஆளாகப் பார்த்து அழைத்துப் போனார்கள். கறந்த பால் கேன்களைச் சுற்றி உட்கார்ந்து, வடக்கத்தி மலைக் கணவாயின் கதையைச் சொல்பவனுக்குக் கறவைக்காரர்களே கூட்டாக உம் கொட்டினார்கள். காலம் காலமாகப் புருசன் சொல்லும் கதையைக் காதில் வாங்காத பெண்டாட்டிகள், "ஏனுங்க, அந்தப் பாலத்துக்கிட்ட நின்னீங்களே, அதச் சொல்லுங்க" என்று விசிறியைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து படுத்தார்கள்.

மூன்று விஷயங்களைப் பேட்டை தானாகவே கற்றுக்கொண்டது. கேட்கிறவன் உம் கொட்டாவிட்டால் குளிர் வெளியே வராது. ஒரு குளிர் ஒரு முறைதான் வரும். வந்துவிட்டால் சொன்னவனை விட்டுச் சுத்தமாகப் போய்விடும், செங்கோடனுக்கு முப்பது வருடமாகப் பிடித்திருந்த முழங்கால் வலி அன்றைக்கே விட்டுப்போய், மறுநாள் சைக்கிள் ஓட்டினார். மூன்றாவது, பொய் சொன்னால் குளிராது. சொன்னவனுக்கு வேர்க்கும். கல்கத்தாவைத் தாண்டாத ஒருவன் இமயமலை பற்றி அளந்துவிட்டு, அக்குளிலிருந்து முழங்கை வரை ஒழுக எழுந்து போன நாளில் பேட்டையே கைதட்டியது.

வையாபுரியின் முறை வந்தபோது பேட்டையில் யாரும் வீட்டில் இல்லை.

ஏனென்றால் அவர் கதைதான் எல்லாவற்றிலும் பெரிய கதை. நான்கு வருடத்துக்கு முன்னால், தை மாதம், அவரும் அர்த்தனாரியும் ஒரே வண்டியில் ஆப்பிள் ஏற்றித் திரும்பும்போது கணவாயில் பனி சரிந்து பாதை அடைபட்டது. விடியும்போது அர்த்தனாரி இல்லை. வையாபுரி மட்டும் கீழே வந்தார். இருந்த ஒரே பஞ்சுப் போர்வைக்குள் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துப் படுத்திருந்ததாகவும், தன் நெஞ்சுச் சூட்டையெல்லாம் கொடுத்தும் அர்த்தனாரி தன் கைக்குள்ளேயே அடங்கிப்போனதாகவும் அவர் சொல்லும்போது கல்நெஞ்சுக்காரனும் அழுவான். கருமாதி வீட்டிலும் அதைத்தான் சொன்னார், அர்த்தனாரியின் மனைவி அத்தாயி கையைப் பிடித்துக்கொண்டு. அத்தாயி அன்றிலிருந்து அவரை "அண்ணா" என்று கூப்பிட்டாள். டீக்கடைக்கு எதிரே கொட்டகை போட்டு, கோணி ஊசியும் நைலான் நூலுமாக லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்துப் பிழைக்கிறவள். வையாபுரி வண்டித் தார்ப்பாயின் கிழிசலுக்கு மட்டும் கூலி வாங்கமாட்டாள்.

ஆக, அன்று பால் கேன்கள் வந்தன, குடங்கள் வந்தன, ஐந்து கூடை மீன் வந்தது, மூச்சுவாங்கும் கிழவர்களைக் கட்டிலோடு தூக்கிவந்து வைத்தார்கள். ஸ்வெட்டர் வைத்திருந்தவர்கள் போட்டுக்கொண்டார்கள். அத்தாயி தன் கொட்டகையிலேயே ஊசியும் கையுமாக இருந்தாள். வையாபுரி தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார், நாச்சிமுத்து உம் கொட்டினார், பனி சரிந்தது, பாதை அடைபட்டது, போர்வை வந்தது, கட்டிப்பிடித்தார், நெஞ்சுச் சூட்டைக் கொடுத்தார்.

டீ ஆவி பறந்துகொண்டிருந்தது. மீன் நாறத் தொடங்கியது.

வையாபுரியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நெற்றியிலிருந்து வேர்வை சொட்டி அவர் மடியில் விழுந்தது. ஆனால் பல் மட்டும் கிடுகிடுவென்று ஆடியது.

"நாலு வருசமாச் சொல்லிச் சொல்லித் தீந்துபோயிருக்கும்" என்று யாரோ இரக்கப்பட்டார்கள்.

"ஆமாமா, தீந்துபோயிருக்கும்" என்றார் வையாபுரி.

"நானும் முப்பது வருசமாச் சொன்னனே, எனக்குத் தீரலயே" என்று செங்கோடன் சொன்னார், வேடிக்கையாகத்தான் சொன்னார், சொல்லி முடித்ததும் அவர் முகத்திலேயே சிரிப்பு செத்துவிட்டது.

எதிர்க் கொட்டகையில் ஊசி நின்றது. அத்தாயி தன் வலது கையை மடக்கி, விரல் முட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐஸ் பெட்டியில் வந்த உடம்பைக் குளிப்பாட்டினவள் அவள். அர்த்தனாரியின் வலது கை முட்டிகள் நான்கிலும் தோல் இல்லை, எலும்பு தெரிந்தது. பனியில் அப்படித்தான் ஆகும் போலிருக்கிறது என்று நினைத்து மஞ்சள் வைத்து மூடியிருந்தாள். கட்டிப்பிடித்துத் தூங்குகிறவனுக்கு எதில் இடித்து முட்டி தேயும் என்று அவள் நான்கு வருடமாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் அவள் பேட்டையில் வீடு வீடாகப் போனாள். அழவில்லை, கத்தவில்லை. வாசலில் நின்று, வலது கையை மடக்கிக் காட்டி, எங்கெங்கே தோல் இல்லை என்று விரல் வைத்துச் சொன்னாள். டிரைவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கணவாயில் மாட்டிக்கொண்டால் அரை மணிக்கு ஒருவன் கீழே இறங்கி டேங்குக்கு அடியில் தீயைக் காக்க வேண்டும், மற்றவன் கேபினுக்குள் சூடேற்றிக்கொள்ள வேண்டும், அரை மணி ஆனதும் கீழே இருப்பவன் கதவைத் தட்டுவான், தட்டினால் திறந்து ஆள் மாற வேண்டும். நாங்கள் ஒவ்வொருவரும் அந்தக் கதவைத் தட்டியிருக்கிறோம், ஒவ்வொருவரும் உள்ளே இருந்து, இன்னும் ஒரு நிமிடம் என்று நினைத்துமிருக்கிறோம்.

"இனிமேல் அந்த ஆளு வாயத் தொறந்தா யாரும் உம் கொட்டக் கூடாது" என்றாள் அத்தாயி. "பேட்டையில ஒருத்தரும். அது மட்டும் போதும் எனக்கு."

பேட்டை சரி என்றது.

டீக்கடையில் அந்தப் பொய்யைச் சொன்ன நாளிலிருந்து வையாபுரிக்கு உள்ளே இருந்த குளிர் வளரத் தொடங்கியது. நிழலிலேயே நூற்றுப்பத்து டிகிரி அடித்த நாட்களில் அவர் கம்பளி சுற்றிக்கொண்டு நடந்தார். புருவத்தில் வெள்ளை பூத்தது. அவர் உட்கார்ந்து எழுந்த பெஞ்சில் ஈரம் இருந்தது, அந்த ஈரத்துக்காக அங்கே போய் உட்கார ஆட்கள் அடித்துக்கொண்டார்கள், ஆனால் அவரிடம் யாரும் பேசவில்லை. கொதிக்கிற டீயை அவர் கையில் வாங்கினால் தம்ளர் விளிம்பில் ஐஸ் கட்டியது.

உண்மையைச் சொல்லிவிட்டால் விட்டுப்போகும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் யாரிடம் சொல்வது? நாச்சிமுத்துவிடம் போனார், நாச்சிமுத்து வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு கன்னத்தை உப்பலாக்கிக் காட்டினார். மலையில் ஏறிப் பாறையிடம் சொன்னார், கிணற்றிடம் சொன்னார். ஆந்திராப் பக்கம் ஒரு ஓட்டலில் தமிழ் தெரியாத சர்வரிடம் முழுக்கச் சொன்னார், அவன் பாவம், பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தோசையா பூரியா என்று கேட்டான். கடைசியில் மனைவி குப்பாயியிடம் சொன்னார். அவள் பாதியிலேயே "ஐயோ" என்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். ஐயோவுக்குக் குளிர் இறங்காது.

அந்த வருடம் கத்திரி முடிந்தும் வெயில் முடியவில்லை. டிரைவர்கள் எல்லாருடைய குளிரும் ஒவ்வொன்றாகத் தீர்ந்தது, பெரிய குளிர்கள் முதலில், பிறகு சின்னச் சின்னக் குளிர்கள், கடைசியில் ஊட்டிக்குத் தேனிலவு போன கதை வரைக்கும் சொல்லித் தீர்த்துவிட்டார்கள். ஏரி வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. கன்றுக்குட்டிகள் செத்தன. மிச்சம் இருந்தது ஒரே ஒரு குளிர்.

செங்கோடன்தான் பேட்டைக்காகப் பேச வந்தார். தைத்துக்கொண்டிருந்த தார்ப்பாயின் ஓரத்தில் குந்தினார்.

"அம்மிணி, நாஞ் சொல்றதத் தப்பா எடுத்துக்காத. அவங்கிட்ட இருக்கற அது ஒண்ணு எறங்குனா ஏரிக்கே பனி புடிக்கும். உருகுனா ஆறு மாசத்துத் தண்ணி."

"உருகட்டுமுங்க."

"அப்ப ஒரு உம் சொல்லலாம்ல?"

"சொன்னா, குளிரு அந்தாள உட்டுப் போயிருமில்லீங்களா?"

செங்கோடன் தார்ப்பாயின் ஓரத்தை நிமிண்டினார்.

"உங்களுக்கு முட்டிவலி போன மாதிரி, நல்லாத் தூங்குவாருல்ல?"

"அதுக்கில்ல அம்மிணி, சனம் சாவுது..."

"எம்பட புருசன ஊத்தி ஏரியை நெரப்பப் பாக்கறீங்களா? நெரப்புங்க. போயி உம் கொட்டுங்க. நா ஒண்ணும் உங்க வாயத் தெக்கல" என்று கோணி ஊசியை அவர் பக்கம் நீட்டினாள்.

செங்கோடன் திரும்பி வந்து தண்ணீர் கேட்டார். அன்றைக்குப் பேட்டையில் ஒருவரும் வையாபுரி வீட்டுப் பக்கம் போகவில்லை, வெயிலில் வெந்துகொண்டே அவரவர் வீட்டில் கிடந்தோம், எங்களுக்குள்ளும் ஒரு கொடூரமான இனிப்பு ஊறிக்கொண்டிருந்ததை இப்போது மறைப்பதற்கில்லை.

மறுநாள் காலை குப்பாயி வந்து அத்தாயியின் காலைக் கட்டிக்கொண்டாள். "படுக்கையெல்லாம் பனிக்கா. ராவெல்லாம் கதவு கதவுன்னு கத்தறாரு. நா என்ன பாவம் பண்ணேன்?" அத்தாயி அவளைத் தூக்கி உட்கார வைத்து, தலையை வாரிவிட்டு, சோறு போட்டாள். "நீ ஒரு பாவமும் பண்ணல சாமி. சாப்பிடு" என்றாள். பிறகு, "அந்தாள மத்தியானம் வரச் சொல்லு. நாங் கேக்கறேன்" என்றாள்.

அதைக் கேட்டதும் எங்களுக்குத் திக்கென்றது. ஏனென்றால் எங்களுக்குத் தெரியும், அவள் நான்கு வருடம் பொய்யைக் கட்டிக்கொண்டு படுத்தவள், அந்த இரவில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளாமல் அவளால் சாகவும் முடியாது. கேட்க வேண்டும். கேட்டால் வாய் தானாக உம் என்றுவிடும், டிரைவர் பெண்டாட்டி, பழக்கம் அப்படி. உம் என்றால் அவன் தப்பினான்.

வையாபுரி மத்தியானம் வந்தார். வெயிலில் அவருடைய நிழலைச் சுற்றித் தரை ஈரமானது. அத்தாயி எதிரே ஒரு பழைய டயரைக் காட்டினாள், உட்கார்ந்தார். நாங்கள் எதிர்க்கடையில் ஆளுக்கொரு பன்னை வாயில் திணித்துக்கொண்டு, காதை மட்டும் கொடுத்தோம்.

"மேல ஏறறதுக்கு முன்னாடி, அடிவாரத்துல தார்ப்பாய்க் கயித்த இறுக்கிக் கட்டுனோம் அம்மிணி" என்று தொடங்கி, ஒரு நிமிடம் நிறுத்தினார். உம்முக்காக நிறுத்தினார். அவள் ஊசியில் நூலைக் கோத்தாள்.

பனி சரிந்தது என்றார். நிறுத்தினார். பாதை அடைபட்டது என்றார். நிறுத்தினார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் முகம் பசித்த நாய் மாதிரி அவள் வாயைப் பார்த்தது. முதல் முறை நான் எறங்குனேன், அடுத்து அவன் எறங்குனான், அரை மணி ஆச்சு, தட்டுனான்.

"தெறக்கல" என்றார். "உள்ள கரி அடுப்பு இருந்துச்சு. கதவத் தொறந்தா சூடு போயிரும்னு தோணுச்சு. ஒரு நிமிசம்னு நெனச்சேன். அவ்வளவுதான் அம்மிணி நெனச்சேன்."

ஊசி தார்ப்பாய்க்குள் போய் வெளியே வந்தது.

"பெறகு லாக்கை அமுத்துனேன்."

நாச்சிமுத்து பன்னை விழுங்க முடியாமல் கண்கலங்கினார். அத்தாயியின் உதடு பிரிந்தது. நாங்கள் பார்த்தோம், பிரிந்தது. நூலின் நுனியைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்தாள், உதட்டில் இரத்தம் வந்தது, சத்தம் வரவில்லை. வையாபுரி விடிந்தது வரைக்கும் சொல்லி முடித்து, கையேந்துகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள்.

மறுநாளும் வந்தார். நேற்று எதையோ விட்டுவிட்டோம், அதனால்தான் உம் வரவில்லை என்று அவருக்கு நினைப்பு. அதனால் புதிதாக ஒன்றைச் சேர்த்தார்: அர்த்தனாரி ஜன்னல் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்ததை. அடுத்த நாள் இன்னொன்று: கண்ணாடியில் அவன் மூச்சு பட்டுப் பூத்ததைத் தான் போர்வை நுனியால் மூடியதை. அப்படி ஒவ்வொரு மத்தியானமும் ஒரு துண்டு. அத்தாயிக்கு அவள் புருசனின் கடைசி இரவு துண்டு துண்டாக வந்து சேர்ந்துகொண்டிருந்தது, அவள் ஒவ்வொன்றையும் வாங்கி உள்ளே தைத்துக்கொண்டாள், வாங்கினதற்கு ஒரு சத்தம் கொடுக்கவில்லை. வையாபுரியின் காது மடல்கள் கறுத்தன. பிறகு இடது கைச் சுண்டுவிரல் கறுத்தது. ஏரியில் ஒரு சொட்டு இல்லை, வானம் வெள்ளையாகக் கொதித்தது, பேட்டையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பதினேழாம் நாள் அவர் சொன்னார்:

"அவந் தட்டறப்பெல்லாம் நான் உள்ளயிருந்து சொன்னேன் அம்மிணி. 'வந்துட்டேன்டா, வந்துட்டேன் இரு'ன்னு. ஒவ்வொரு வாட்டியும் சொன்னேன். அவன் வெளியில இருந்து உம் கொட்டுனான்." அவர் அழுதார், கண்ணீர் கன்னத்திலேயே நின்று இறுகியது. "வந்துட்டேன்னு சொல்லுவேன், உம்ம்பான். நம்பித்தான் உம்ம்பான். பெறகு ஒரு வாட்டி சொன்னேன், உம் வரல. அப்பவும் நான் கதவத் தொறக்கல."

பட்டறைகளில் சுத்தியல் சத்தம் நின்றுபோயிருந்தது. செங்கோடன் துண்டால் வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு குலுங்கினார். அத்தாயி தார்ப்பாயை மடியிலிருந்து தள்ளிவைத்தாள். வையாபுரியின் முகத்துக்கு மிக அருகில் குனிந்தாள், அவ்வளவு அருகில் குனிந்ததில் அவருடைய மூச்சு அவள் தலைமுடியில் வெள்ளையாகப் படிந்தது, அவர் கண் நம்பிக்கையில் அகலமாகத் திறந்தது, எங்களுக்கும் அவள் சொல்லிவிடுவாள் என்றே தோன்றியது, சொல்லிவிட்டால் கூட நாங்கள் யாரும் அவளைக் குறை சொல்லியிருக்கமாட்டோம்.

அவள் அவருடைய கறுத்த சுண்டுவிரலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீழே வைத்தாள். தன் இடத்தில் போய் உட்கார்ந்து, தார்ப்பாயை இழுத்து மடியில் போட்டு, ஊசி முனையால் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள், முதலில் இருந்து என்று.

வையாபுரி கம்பளியை இழுத்துச் சுற்றிக்கொண்டார். "அடிவாரத்துல..." என்று தொடங்கினார்.